கடைசி வரிசை வரை கேட்கிற பேர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று மானம் கப்பலேறியது.

குழந்தைகள் நல அதிகாரி வருகிறார் என்று காலையிலிருந்தே வீட்டைத் துடைத்து, சோபாக் கிழிசலின் மேல் துண்டை விரித்து, மாமனாரைக் கெஞ்சிச் சட்டை மாட்ட வைத்து, எல்லாம் செய்தேன். தத்தெடுத்து வந்த பிள்ளை எங்கள் வீட்டோடு எப்படி ஒட்டியிருக்கிறான் என்று பார்க்கத்தான் வருகிறார். கஷ்டமான கேள்வி எது கேட்டாலும் சொல்லப் பதில் வைத்திருந்தேன். அந்த அம்மா கேட்டதோ ரொம்பச் சுலபமான கேள்வி.

"குழந்தைக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?"

"கரிகாலன்" என்றார் மாமனார். "அதியமான்" என்றார் என் வீட்டுக்காரர். "பாரி" என்றார் அண்ணி, இவருடைய அக்கா. மூன்று பேரும் ஒரே நேரத்தில், ஒத்திகை பார்த்து வந்த மாதிரி.

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். நானாவது உருப்படியாகச் சொல்லியிருக்கலாம். "குட்டின்னு கூப்பிடறேன் மேடம்" என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்து, அவன் முதுகுக்குப் பின்னால் கை தட்டினார். சட்டென்று திரும்பினான். பிறகு நாங்கள் சொன்ன பேர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். கரிகாலா. அதியா. பாரி. குட்டி. ஒன்றுக்கும் அசையவில்லை. பாய் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"காது நல்லா கேக்குது. தன்னைத்தான் கூப்பிடறாங்கன்னு அவனுக்குத் தெரியல" என்றார். "இல்லத்துல ஷிஃப்டுக்கு ஒரு ஆயா, ஆளுக்கு ஒரு செல்லப் பேரு. வேற வழி இல்ல. இங்கயுமா அப்படி? ஒரு வயசு நெருங்குது, பேரு சொன்னா திரும்ப வேண்டாமா? ஜூலை கடைசியில வரேன். அப்பவும் இப்படியே இருந்தா கோர்ட்டு உத்தரவைத் தள்ளிப் போடச் சொல்லித்தான் நான் எழுதணும்."

தள்ளிப் போட்டால்? அவன் இன்னும் முழுசாக எங்கள் பிள்ளை இல்லை என்று அர்த்தம். 

ஜூன் 5, வியாழன்

இந்த வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு ராஜா. கோபம் கொஞ்சம் ஆறியபின் யோசித்தால் சிரிப்பாகவும் இருக்கிறது.

மாமனார் நாடகக்காரர். வாழ்நாள் முழுக்க ராஜா வேஷம்தான். அதிலும் கரிகாலனாக வந்தால் அரங்கம் எழுந்து நிற்குமாம். கால் கருகிய ராஜா என்பதால் ஒரு காலை லேசாக இழுத்து நடப்பார். நாடகம் நின்று எவ்வளவோ காலம் ஆகியும் அந்த நொண்டல் மட்டும் போகவில்லை. கோபமோ சந்தோஷமோ எல்லை மீறினால் இடது கால் தானாக இழுக்கும்.

அண்ணி செடி விற்கிறார். அவருக்கு முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்த பாரியைத் தவிர வேறு யாரும் ராஜாவே இல்லை. என் வீட்டுக்காரருக்கு மருந்துக்கடை. நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் அடுத்தவருக்குக் கொடுத்த அதியமானை விட்டால் அவருக்கும் ஆள் கிடையாது. "பாரு, மருந்தை மருந்துன்னு தெரிஞ்சு கொடுத்த ஒரே ராஜா" என்கிறார்.

சரி. சரித்திரப் பேர் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. பிறந்த கதையே தெரியாத பிள்ளைக்குப் பேராவது பழசாக, ஆழமாக இருக்கட்டும் என்று முதலில் சொன்னதே நான்தான். அது இப்படி யுத்தமாக முடியும் என்று கண்டேனா?

ஜூன் 8, ஞாயிறு

இன்று தேர்தல். யோசனை அண்ணியுடையது. "அவனே முடிவு பண்ணட்டும். யாரு கூப்பிட்டு அவன் திரும்பறானோ அவங்க பேரு."

கூடத்தின் நடுவில் அவனை உட்கார வைத்து, மூலைக்கு ஒருவராக நின்று மூன்று பேரும் கூவினார்கள். மாமனார் நெஞ்சிலிருந்து குரல் எடுத்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இவர் கிலுகிலுப்பை ஆட்டினார். மாமனார் அது கள்ள ஓட்டு என்று சண்டைக்குப் போனார். அண்ணி தன் பங்குக்கு ஒரு பூந்தொட்டியையே தூக்கி வந்திருந்தார்.

பிள்ளை கொஞ்ச நேரம் சுற்றிலும் பார்த்தான். பிறகு ஒருவர் பக்கமும் போகாமல், தவழ்ந்து போய் என் செருப்பை வாயில் வைத்துக்கொண்டான்.

ஓட்டு செருப்புக்கு. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. படுக்கும்போது சிரிப்பு போய்விட்டது. எந்தக் குரலுக்கும் திரும்பாத அந்த முகம்...

ஜூன் 12, வியாழன்

வேலையிடத்திலும் நெருக்கடி. அருங்காட்சியகத்தின் பின்கட்டு அறையில் என் வேலை உடைந்த பானைகளை ஒட்டுவது. புதுக் கூடம் திறப்பதற்குள், அகழாய்வில் துண்டு துண்டாகக் கிடைத்த ஒரு பெரிய பானை முடிய வேண்டும். படம் எடுக்க வேண்டிய கேமராக்காரர் தினமும் கதவில் தலையை நீட்டி, "முடிஞ்சுதா?" என்கிறார். உரல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேனே, தெரியவில்லையா?

பானையின் தோளில் யாரோ ஆணியாலோ எதாலோ எழுத்துக் கீறியிருக்கிறார்கள். எங்கள் அறையில் பழைய எழுத்து வாசிப்பவரை நாங்கள் எழுத்தம்மா என்போம். அவர் ஒட்டின துண்டுகளைப் பார்த்துவிட்டு, "தன்-னு முடியுது. முன்னாடி என்ன இருக்குன்னு தெரியாம நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்று போய்விட்டார். முன்னெழுத்து இருக்கும் துண்டு என் தட்டில்தான் இருக்கிறது. அது கடைசியாக உட்கார வேண்டிய துண்டு.

அவசரம் என்பதால், ஒட்டின துண்டு சாயாமல் நிற்க மணல் பரப்பிய மூன்று தட்டுகளில் மூன்று பகுதியாகத் தனித்தனியே ஒட்டி வருகிறேன். பிறகு மூன்றையும் சேர்த்துவிட்டால் ஆயிற்று.

ஜூன் 17, செவ்வாய்

மாமனார் இன்று பிள்ளைக்கு அட்டையில் கிரீடம் செய்து மாட்டினார். பிள்ளை அதைத் தின்றான்.

ஜூன் 24, செவ்வாய்

உட்காரவில்லை. கடைசித் துண்டு உட்காரவே இல்லை.

மூன்று பகுதியையும் சேர்த்தாயிற்று. தோளில் ஒரு ஓட்டை. துண்டு அதே வடிவம்தான், அதே கனம்தான். ஆனால் போகமாட்டேன் என்கிறது. ஒரு மயிரிழை. அவ்வளவுதான். இந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம் இடிக்கிறது. ஒட்டு விளிம்பை நகத்தால் வருடிப் பார்த்தேன். சரியாக ஒட்டியிருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். இங்கே தட்டியது. அடுத்த ஒட்டிலும் தட்டியது. கீழே போகப் போக எல்லா ஒட்டிலும்.

மூணு தட்டு! மூணு தட்டுல மூணு பானை ஒட்டியிருக்கேன் நான்! ஒவ்வொண்ணும் தன்னளவுல சரி, சேர்த்தா எதுவும் சரி இல்ல. கடைசியில வர்ற துண்டுக்கு இடம் இல்ல. இத்தனை வருஷமா இதைப் பண்றவ, புதுசா வந்தவங்களுக்கு "அடியிலேர்ந்து ஒண்ணா ஏத்து, பசை போடறதுக்கு முன்னாடி பொருத்திப் பாரு"ன்னு தொண்டை வத்தச் சொல்றவ!

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. வீட்டில் நடப்பதும் இதே கூத்துதானே? ஒருவர் கரிகாலனை ஒட்டுகிறார், ஒருவர் அதியமானை, ஒருவர் பாரியை. நான் என்னமோ நடுநிலை மாதிரி குட்டி, கண்ணு, செல்லம், பட்டு என்று வாய்க்கு வந்ததையெல்லாம். அவனுக்கு எங்கே இடம்? அவன் எங்கே உட்காருவான்?

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஜூன் 26, வியாழன்

எல்லா ஒட்டையும் கரைத்துப் பிரித்துவிட்டேன். கேமராக்காரர் எட்டிப் பார்த்து, மேஜை முழுக்கத் துண்டுகளைக் கண்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நல்ல மனுஷர். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தோளிலிருந்து பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

இன்று வீட்டையும் பிரித்துவிட்டேன்.

அண்ணி வந்திருந்தார். மறுபடி ஆரம்பித்தது. "கரிகாலா, இங்க பாரு" "அதியா, அப்பாகிட்ட வா" "டேய் பாரி". பிள்ளை நடுவில் உட்கார்ந்து பார்வையைக் கீழே போட்டுக்கொண்டான். கவனித்தேன். அவன் குழம்பக்கூட இல்லை. கேட்பதையே விட்டுவிட்டான். சத்தம் என்றால் தனக்கு இல்லை என்று முடிவு பண்ணியிருக்கிறான்.

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "நிறுத்துங்க எல்லாரும்!" என்று கத்தினேன். மாமனார் முன்னால் இந்த வீட்டில் நான் கத்தியதே இல்லை. "உங்க உங்க ராஜாவைத்தான் கூப்பிடறீங்க. இவனை யாராவது கூப்பிடறீங்களா? ஒரே ஒரு பேரு. அது என்னன்னு முடிவாகற வரைக்கும் இந்த வீட்டுல யாரும் வாயைத் திறக்கக்கூடாது. நானும் குட்டின்னு சொல்ல மாட்டேன்."

மாமனார் இடது காலை இழுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். என் வீட்டுக்காரர் மெதுவாக, "நாடகக்காரர் வீட்டுக்கு வாழ வந்து நீதான் இன்னிக்கு ஹீரோ" என்றார். முறைத்தேன். ஆனாலும் உள்ளுக்குள் பிடித்திருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

உட்கார்ந்தது!!

அடியிலிருந்து ஒரே தட்டில், ஒவ்வொரு துண்டாக ஏற்றிக்கொண்டே வந்தேன். கடைசித் துண்டை எடுத்தேன். அழுத்தவே இல்லை. வைத்தேன், இறங்கி உட்கார்ந்துகொண்டது. நகத்தால் வருடினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. கேமராக்காரர் விசில் அடித்தார்.

எழுத்தம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். முதலெழுத்திலிருந்து, தொடாமல் விரலை மேலாக நகர்த்திக்கொண்டே வாசித்தார். "ஆ... த... ன். ஆதன்."

"யாரு மேடம் அது? ராஜாவா?"

"ராஜா எதுக்குப் பானையில பேரு கீறப் போறாரு? இது பானைக்குச் சொந்தக்காரன். நாலு வீட்டுப் பானை ஒண்ணாக் கிடக்கிற இடத்துல, இது என்னுது, எடுக்காதேன்னு கீறி வெச்சிருக்கான். அந்தக் காலத்துல சாதாரணமா இருந்த பேருதான்."

சாதாரண ஆள். என்ன தொழிலோ, யாருக்குப் பிறந்தவனோ, ஒன்றும் தெரியாது. தன் பேர் தனக்குத் தெரியும். தன் பொருள் எதென்று தெரியும். பானை உடைந்து, மண் மூடி, ராஜ்ஜியங்களெல்லாம் வந்து போய், இன்றைக்கு என் மேஜையில் அவன் பேர் சத்தமாக வாசிக்கப்பட்டது.

எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

ஜூலை 9, புதன்

சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். அண்ணியையும் வரச் சொல்லியிருந்தேன்.

"பானைக்காரன் பேரையா?" என்றார் மாமனார். குரல் ஏறிவிட்டது. "நான் இருக்கற வீட்டுல, ராஜாங்க பேரெல்லாம் வரிசையில நிக்கறப்போ, பானைக்காரனா?"

"ராஜா பேரை ஊரே எழுதி வெக்கும் மாமா. இந்த ஆளு தன் பேரைத் தானே கீறி வெச்சுக்கிட்டான். நம்ம பையனுக்கு இதுவரைக்கும் என்னுதுன்னு சொல்ல என்ன இருந்துச்சு? அந்த இல்லத்துல சட்டை பொது, பொம்மை பொது, தூக்கற கை பொது. முதல்முதலா அவனுக்குன்னு ஒண்ணு கொடுக்கறோம். அது தனக்குன்னு ஒண்ணை வெச்சிருந்த ஆளோட பேரா இருக்கட்டும்."

 என் வீட்டுக்காரர்தான் முதலில் இறங்கி வந்தார். "எனக்குச் சரி" என்றார். அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போகட்டும், என் கடையில புதுசா ஒரு முல்லைக் கொடி ஏத்தியிருக்கேன். அதுக்குப் பாரின்னு வெச்சுக்கறேன்" என்றார்.

மாமனார் எழுந்து போனார். கால் இழுத்தது.

ஜூலை 13, ஞாயிறு

நாங்கள் மூன்று பேரும் ஆதா, ஆதா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். ஊட்டும்போது, உடுத்தும்போது, கதவைத் திறக்கும்போது. வேறு எந்தப் பேரும் இல்லை. எனக்குத்தான் கஷ்டம். "குட்டி" நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போகிறது.

மாமனார் பேரே சொல்வதில்லை. "இந்தாப்பா" என்கிறார். ராஜா வனவாசத்தில் இருக்கிறார். பகலெல்லாம் பிள்ளை அவரோடுதான். நாங்கள் வேலைக்குப் போய்விடுகிறோம். அவர் சேராமல் இது நடக்காது. கெஞ்சலாமா? கெஞ்சினால் இன்னும் ஏறிக்கொள்வார். என்னதான் செய்வது?

பிள்ளை இன்னும் திரும்பவில்லை.

ஜூலை 19, சனி

எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிள்ளையைக் குளிப்பாட்டுவது எப்போதும் மாமனார்தான். நான் துண்டோடு குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் சத்தம். அப்புறம் அவர் குரல், தாழ்ந்து:

"ஆ."

பிள்ளை: "ஆ."

"ஆஆஆ... தா!"

கலகலவென்று ஒரு சிரிப்பு. என் பிள்ளையின் சிரிப்பு.

"அட, வாயைத் திறந்தாலே பாதிப் பேரு வந்துருதே! மூச்சு இருக்கற வரைக்கும் இழுக்கலாம். கரிகாலன்னா ரி, ல, ன்னு மூணு எழுத்துக்கு நாக்கு மல்லுக்கட்டணும், கடைசி வரிசைக்குப் போறதுக்குள்ள பாதி கீழ விழுந்துரும். இது போகும்டா. இது பின்சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வரும். எங்க, இன்னொரு தரம். ஆஆஆ தா!"

எவ்வளவு நாளாக நடக்கிறதோ இந்த ஒத்திகை! வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு வெடித்துவிட்டது. கதவு திறந்தது. மாமனார் நனைந்த வேட்டியோடு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முழு ராஜ தோரணையில் நின்றார்.

"என்ன சிரிப்பு? குரல் பரிசோதனை" என்றார். பிறகு துண்டை வாங்கிக்கொண்டு, "மேடைக்கு ஆகற பேருதான்" என்று முணுமுணுத்தார். கால் நன்றாகவே இழுத்தது. இது கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 29, செவ்வாய்

அதிகாரி வந்தார். இந்த முறை சோபாவில் துண்டு விரிக்கவில்லை. அதற்கெல்லாம் மனசு எங்கே இருந்தது!

"பேரு?" என்றார், பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு.

"ஆதன்" என்றோம் நானும் இவரும் அண்ணியும். மூன்று வாயில் ஒரே பேர். அந்த அம்மா புருவத்தைத் தூக்கினார்.

"எங்க, கூப்பிடுங்க."

பிள்ளை அவருடைய கைப்பை வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நான் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாரைக் கடித்தான். இவர் கூப்பிட்டார். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. பிள்ளை வாரின் கொக்கியை ஆராய்ந்துகொண்டிருந்தான். அதிகாரி தாளைப் பார்த்தார்.  நேத்து திரும்பினானே. காலையில கூடத் திரும்பினானே. இப்பப் போயி...

மாமனார் பால்கனியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். இங்கே வந்து உட்காரச் சொன்னதற்கு, "எனக்கு என்ன வேலை அங்க" என்று போனவர். அங்கிருந்தே, மேடைக் குரலில் இல்லை, நெஞ்சை நிமிர்த்தி இல்லை, காக்கா வந்திருக்கு வந்து பார் என்று சொல்கிற சாதாரணக் குரலில் ஒரே ஒரு தரம்:

"ஆதா."

வார் கீழே விழுந்தது. தலை திரும்பியது. "ஆ!" என்றான். கையும் முழங்காலுமாகப் படபடவென்று தரையைத் தட்டிக்கொண்டு பால்கனிக்கு ஓடினான்.

 அதிகாரி எழுந்து சமையலறைப் பக்கம் போய் நின்று, தானும் "ஆதா" என்றார். பால்கனி வாசலில் மாமனாரின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் திரும்பிப் பார்த்தான். யார் என்னைக் கூப்பிட்டது என்று தேடிப் பார்த்தான். என்னை. அந்தத் தேடல் எனக்குப் போதும்.

"சரி" என்றார் அதிகாரி. பேனாவை மூடினார். "தள்ளிப் போட வேண்டாம்னே எழுதிடறேன். கோர்ட்டுல பாப்போம்."

என் குரலுக்குத் திரும்பாமல் மாமனார் குரலுக்குத் திரும்பினானே என்று பொறாமை வந்ததா? வந்தது. சாயங்காலம் வரை இருந்தது. பிறகு நான் கூப்பிட்டதும் திரும்பினான், அதோடு போயிற்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

எங்கள் பிள்ளை! சட்டப்படி, முத்திரைப்படி, கையெழுத்துப்படி எங்கள் பிள்ளை!

கோர்ட்டு ஹாலில் மின்விசிறிச் சத்தத்தில் யார் பேர் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியவில்லை. பின்வரிசையில் ஒருவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. நீதிபதி அம்மா தாள்களைப் புரட்டிவிட்டு, "குழந்தையோட பேரு?" என்றார்.

அம்மாதான் சொல்ல வேண்டும் என்று வக்கீல் சொல்லி வைத்திருந்தார். வாய் வரை வந்தது. பக்கத்தில் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் மாமனார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க மாமா சொல்வாங்க மேடம்" என்றேன்.

மாமனார் ஒரு கணம் திகைத்தார். பிறகு இடது காலை இழுத்து ஓரடி முன்னால் வந்து, நிமிர்ந்து, மூச்சை உள்ளே இழுத்தார்.

"ஆஆஆதன்!"

மின்விசிறி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பின்வரிசைக்காரர் துள்ளி எழுந்து, தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று கை தூக்கினார். என் இடுப்பில் இருந்தவன் இரண்டு கையையும் விரித்து, அதே உச்சத்தில், "ஆஆஆ!" என்று பதில் கொடுத்தான்.

"கேட்டுது ஐயா, கேட்டுது" என்றார் நீதிபதி. "பக்கத்துக் கோர்ட்டுக்கும் கேட்டிருக்கும்." சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் அண்ணி அழுதார், இவர் அழுதார், நானும் அழுதேன். மாமனார் மட்டும் தூணில் சாய்ந்துகொண்டு, "கடைசி வரிசை எழுந்துச்சு, பாத்தியா?" என்று என்னைக் கேட்டார். "பாத்தேன் மாமா" என்றேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

புதுக் கூடம் திறந்தாயிற்று. எல்லோரையும் கூட்டிப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் பானை நிற்கிறது. பேர்ப் பலகையில் முதல் வரி: ஆதன். இவன் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினான். காவலாளி தொடக்கூடாது என்றார். "அவர் பேரு போட்டிருக்குங்க" என்றார் மாமனார். எச்சில் கை அடையாளத்தை நானே துடைத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

குளிக்க வரச் சொல்லி மாமனார் கூப்பிட்டார். திரும்பவில்லை. நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இவர் கூப்பிட்டார். ம்ஹும். என் செருப்பைச் சோபாவுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான்.

பழைய பயம் ஒரு நொடி நெஞ்சில் வந்து போயிற்று. பக்கத்தில் போய்க் குனிந்து முகத்தைப் பார்த்தேன். கண் ஓரத்தால் எங்களைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். திருட்டுப் பயல். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தேதான் திரும்பாமல் இருக்கிறான்.